கரிசல் நிலத்தில் கோடைக்காலக் குழைத்தீவனம்: பயறுவகைப் புதர்ச்செடிகளும் கறவை மாடு வளர்ப்பும் (பாளையம்பட்டி வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களை உள்ளடக்கிய மானாவாரிக் கரிசல் பகுதியில் மாசி முதல் ஆவணி வரை பசுந்தீவனம் கிடைப்பது அரிது. இக்காலத்தில் கறவை மாடுகள் உலர்ந்த தட்டையையும் வைக்கோலையும் விலைக்கு வாங்கும் அடர்தீவனத்தையும் நம்பியே வாழ்கின்றன. அகத்தி, வேலிமசால், சவுண்டல், கிளைரிசிடியா ஆகிய பயறுவகைப் புதர்ச்செடிகளும் சிறுமரங்களும் இந்தக் குறையை எவ்வளவு தூரம் ஈடுசெய்ய முடியும், எங்கே தோற்கும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. புரதக் கணக்கு, கரிசல் மண்ணின் இயல்பு, இலையிலுள்ள நச்சுப்பொருள், மேய்ச்சல் வழக்கம், நில உரிமை ஆகியவை ஆராயப்படுகின்றன. வேலிக்கென வந்து நிலத்தை ஆட்கொண்ட சீமைக் கருவேலத்தின் பட்டறிவு இதற்கு எச்சரிக்கையாக முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கரிசல், மானாவாரி, குழை, வேலிமசால், சவுண்டல், அகத்தி, சீமைக் கருவேலம், கறவை மாடு.

முன்னுரை

அருப்புக்கோட்டையை ஒட்டியுள்ள பாளையம்பட்டியும் அதன் கிழக்கே திருச்சுழி வரை விரியும் ஊர்களும் வானம் பார்த்த பூமி எனப்படும் நிலப்பகுதியைச் சேர்ந்தவை. 1985ஆம் ஆண்டு பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பகுதியாக இவை அமைந்தன. மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழையளவு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களையொட்டிய வடகிழக்குப் பருவத்தில் சில நாள்களுக்குள் கொட்டிவிடுகிறது. மழையைத் தேக்கக் கண்மாய்கள் உண்டு, குண்டாறு உண்டு. ஆனால் ஆண்டு முழுவதும் ஓடும் நீர் இல்லை. ஆகவே இங்குள்ள வேளாண்மையின் காலக்கணக்கு ஒரே பருவத்தைச் சுற்றிச் சுழல்கிறது.

இந்த ஒருபருவ வேளாண்மைக்குள் ஆண்டு முழுவதும் உணவு கேட்கும் ஓர் உயிர் இருக்கிறது. அது கறவை மாடு. பயிர் காய்ந்தால் உழவர் அடுத்த மழைக்குக் காத்திருக்கலாம். மாடு காத்திருக்காது. பாலுக்கான பணம் குறுகிய இடைவெளியில் கைக்கு வருவதால், மானாவாரிக் குடும்பத்தின் அன்றாடச் செலவு பெரிதும் மாட்டைச் சார்ந்துள்ளது. விளைச்சல் பொய்த்த ஆண்டில் இந்தச் சார்பு மேலும் கூடுகிறது. தீவனம் அருகுவதும் அதே ஆண்டில்தான். வறட்சி ஆண்டுகளில் கறவை மாடுகள் அடிமாட்டு விலைக்குச் சந்தைக்குப் போவதன் காரணம் இந்த முரணில் இருக்கிறது. பயறுவகைப் புதர்த்தீவனம் பற்றிய ஆய்வு மதிப்புப் பெறுவதும் இப்புள்ளியில்தான்.

1. கரிசல் நிலத்தின் தீவன ஆண்டு

இவ்வட்டாரத்தின் மரபான மாட்டுத்தீவனம் பயிரின் எச்சமே. சோளத்தட்டை, கம்பந்தட்டை, குதிரைவாலித் தாள், கண்மாய்ப் பாசன நிலத்து வைக்கோல், நிலக்கடலைக் கொடி, உளுந்து, பாசிப்பயற்றின் பொட்டு ஆகியவை அறுவடைக்குப் பின் படப்பாக அடுக்கப்படும். படப்பின் உயரம் வீட்டின் செழிப்பைக் காட்டும் அளவுகோலாகவும் விளங்கியது. மழைக்காலத்தை அடுத்துவரும் மாதங்களில் வரப்புப்புல்லும் களையெடுப்பில் கிடைக்கும் பச்சையும் படப்புக்குத் துணைநிற்கும். தை அறுவடைக்குப் பின் சில வாரங்கள் தாள்மேய்ச்சல் கிடைக்கும். மாசி பிறந்ததும் பச்சை அற்றுப்போகும்.

படப்பும் இன்று முன்போல் இல்லை. சோளமும் கம்பும் விளைந்த புஞ்சைகள் பலவற்றில் பருத்தியும் மக்காச்சோளமும் இடம்பிடித்துள்ளன. உழவு மாடுகளின் இடத்தை டிராக்டர் எடுத்துக்கொண்டது. அவற்றுக்காகத் தட்டை சேர்க்கும் பழக்கமும் அதனுடன் குறைந்தது. இதற்கு நேர்மாறாக, நாட்டு மாட்டின் இடத்தில் வந்த கலப்பின மாட்டின் தேவை கூடியுள்ளது. தீவனத்தின் அளவு சுருங்க, தேவையின் அளவு பெருகியதே இன்றைய நிலை.

2. குழை: பழைய சொல்லும் பழைய அறிவும்

மரத்தழையைத் தீவனமாக்குவது இப்பகுதிக்குப் புதிய செய்தியன்று. மரக்கிளையிலிருந்து ஒடித்து ஆடுமாடுகளுக்கு இடும் தழைக்குத் தென்மாவட்ட வழக்கில் ‘குழை’ என்று பெயர். தொரட்டி கொண்டு குழை ஒடிப்பது ஆட்டிடையரின் அன்றாட வேலை. கருவேலம், வெள்வேல், உடை ஆகிய மரங்களின் நெற்றுகள் கோடையில் உதிர்கின்றன. புல் தீய்ந்த காலத்தில் ஆட்டுக்குப் புரதம் தருபவை இவையே. இம்மூன்றும் பயறுவகைக் குடும்பத்து மரங்கள் என்பது கருதத்தக்கது. தாவரவியல் வகைப்பாடு அறியாத நிலையிலும், கோடையில் பயனளிப்பது எந்த இனம் என்பதை மேய்ப்பர் மரபு கண்டறிந்திருந்தது.

கொங்கு நாட்டின் ‘கொறங்காடு’ இவ்வறிவை நிலமேலாண்மையாகவே வளர்த்தெடுத்தது. கிளுவை வேலி சூழ்ந்த காட்டில் தரையில் கொழுக்கட்டைப் புல்லும் மேலே வெள்வேல் மரமும் நிற்கும். காங்கேயம் மாட்டினத்தைத் தாங்கிய மேய்ச்சல் நிலம் இதுவே. கரிசல் பகுதியில் இத்தகைய தனியார் அடைப்புநிலம் பரவவில்லை. அறுவடை முடிந்த காடு எல்லோருடைய ஆடுமாடுகளுக்கும் திறந்துகிடப்பது இங்குள்ள வழக்கம். இவ்வேறுபாடு பின்னர்ப் பேசப்படும் சிக்கல் ஒன்றின் வேராகும்.

பயிரிட்டு வளர்த்த தீவன மரம் எனில் அகத்தியே தமிழகத்தின் மூத்த எடுத்துக்காட்டு. வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படரும் உயிர்க்காலாக அகத்தியை நட்டு, நிழலை ஒழுங்குபடுத்தக் கழிக்கும் தழையை மாட்டுக்கு இடுவர். ஒரே மரம் கொடிக்குக் கால், நிலத்துக்குத் தழைச்சத்து, மாட்டுக்குத் தீவனம், வீட்டுக்குக் கீரை என நான்கு பணிகளைச் செய்கிறது. அமாவாசை நாளில் பசுவுக்கு அகத்திக்கீரை அளிக்கும் வழக்கம் நகரங்களிலும் நிலைத்திருப்பதற்கு இந்தப் பழைய உறவும் ஒரு காரணம் எனலாம்.

3. பெயர்களில் பதிந்த வரலாறு

புதிதாக வந்த தீவனச் செடிகளின் பெயர்கள் அவை வந்த வழியைக் காட்டுகின்றன. குதிரைமசால், வேலிமசால், முயல்மசால் ஆகியவை ‘மசால்’ என்னும் பொதுக்கூறும் அதன்முன் ஓர் அடையும் கொண்டு அமைந்த தொகைச்சொற்கள். மூன்றும் தாவரவியலில் வெவ்வேறு பேரினங்களைச் சேர்ந்தவை. எனினும் ‘பயறுவகைத் தீவனம்’ என்ற பயன்பாட்டு ஒற்றுமையைக் கொண்டு தமிழ் அவற்றை ஒரு வரிசையாக்கியது. டெஸ்மாந்தஸ் விர்கேட்டஸ் எனும் செடி வேலிபோல் நெருக்கமாக வளர்வதால் வேலிமசால் ஆயிற்று.

லூசீனா லூகோசெபலா என்பதற்குச் சவுண்டல், சுபாபுல், கூபாபுல் எனப் பல பெயர்கள் உண்டு. ‘பாபுல்’ என்பது இந்தியில் கருவேலத்தைக் குறிக்கும் சொல். வந்த மரத்தை அறிந்த மரத்தோடு ஒப்பிட்டு அழைக்கும் முறை அதில் தெரிகிறது. ‘சீமைக் கருவேலம்’ என்ற பெயரின் அமைப்பும் அதுவே. கிளைரிசிடியா யாழ்ப்பாணத்தில் ‘சீமைக்கிளுவை’ எனப்படுகிறது. அங்குக் கிளுவையைப் போல் வேலிக்கு நடப்பட்டமையே காரணம்.

இவ்வரிசையில் சிந்திக்க வைக்கும் சொல் ஒன்று உண்டு. சீமைக் கருவேலத்துக்குத் தமிழகத்தின் சில பகுதிகளில் ‘வேலிக்காத்தான்’ என்று பெயர். வேலி காக்க வந்தது என்னும் நம்பிக்கை அப்பெயரில் உறைந்துள்ளது. வேலிமசாலும் வேலிக்காத்தானும் ஒரே நோக்கத்தைச் சொல்லும் பெயர்கள். ஒன்றின் வரலாறு தெரிந்துவிட்டது. மற்றொன்றையும் அதன் இனத்தவற்றையும் நடும்போது அவ்வரலாற்றை மறக்க இயலாது.

4. புரதக் கணக்கு

உலர்தட்டை மாட்டின் வயிற்றை நிரப்பும். ஆயினும் அதன் அசைவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்குப் போதிய உணவாகாது. நார்ப்பொருளைச் சிதைப்பவை அந்நுண்ணுயிர்களே. அவை பெருகத் தழைச்சத்து வேண்டும். தீவனத்தின் உலர்பொருளில் கச்சாப் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குக் கீழே போகும்போது அவற்றின் செயல்பாடு தளர்கிறது. செரிமானம் மெதுவாவதால் மாடு உண்ணும் அளவும் குறைகிறது. தட்டை இருந்தும் மாடு மெலிவதன் காரணம் இதுவே.

சோளத்தட்டையிலும் வைக்கோலிலும் கச்சாப் புரதம் 3 முதல் 5 விழுக்காடு. அகத்தி, சவுண்டல், வேலிமசால், கிளைரிசிடியா ஆகியவற்றின் இலையில் அது ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு வரை அமைகிறது. இவ்வேறுபாட்டின் பொருளை முழு எண்களில் அமைந்த ஒரு விளக்கக் கணக்கு தெளிவாக்கும்.

350 கிலோ எடையுள்ள பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 கிலோ உலர்பொருள் உண்பதாகக் கொள்ளலாம். அது முழுவதும் 4 விழுக்காடு புரதமுள்ள தட்டையாயின் கிடைக்கும் புரதம் 360 கிராம். பசுவின் உடல் பராமரிப்புக்கே ஏறத்தாழ 350 கிராம் தேவை. பாலுக்கென மிஞ்சுவது ஒன்றுமில்லை. தட்டையை 7 கிலோவாகக் குறைத்து, 8 கிலோ பசுங்குழை சேர்த்தால் நிலை மாறுகிறது. பசுங்குழையில் கால் பங்கு உலர்பொருள். ஆகவே 8 கிலோவில் 2 கிலோ. அதில் 20 விழுக்காடு புரதம் எனில் 400 கிராம். தட்டையின் 280 கிராமோடு சேர்த்து மொத்தம் 680 கிராம். ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 85 கிராம் புரதம் வேண்டும் என்ற கணக்கில், பராமரிப்புப் போக மிஞ்சும் 330 கிராம் ஏறத்தாழ 4 லிட்டர் பாலுக்குப் போதும். தீவனத்தின் மொத்தப் புரத விகிதமும் 4 விழுக்காட்டிலிருந்து ஏழரை விழுக்காட்டுக்கு உயர்கிறது. நுண்ணுயிர்களுக்கான எல்லை தாண்டப்படுகிறது.

இக்கணக்குக்கு வரம்பு உண்டு. இது புரதத்தை மட்டும் அளக்கிறது. பால் சுரக்க ஆற்றலும் கனிமங்களும் வேண்டும். குழை புண்ணாக்கின் ஒரு பகுதியை ஈடுசெய்யும். தவிட்டையும் தாதுஉப்பையும் முழுவதும் நீக்கிவிடாது. நாளுக்குப் பத்து லிட்டருக்கு மேல் கறக்கும் கலப்பின மாட்டைக் குழையும் தட்டையும் மட்டும் தாங்கா. கோடையில் மாட்டின் உடல் கரையாமல் காத்து, ஓரளவு பாலையும் தக்கவைப்பதே குழையின் உண்மையான பணி. இதுவே மானாவாரிக் குடும்பத்துக்குப் பெரிய உதவி.

5. எந்தச் செடி, எந்த நிலத்துக்கு

கரிசல் மண் மழையில் நீர் கோத்துக் குழையும்; கோடையில் பாளம் பாளமாக வெடித்து வேர்களை அறுக்கும். சுண்ணாம்பும் காரத்தன்மையும் உடையது. இந்த மூன்று இயல்புகளையும் தாங்குவதே தேர்வின் அளவுகோல்.

வேலிமசால் கனத்த களிமண்ணையும் காரத்தன்மையையும் ஏற்கும் இனம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கரிசலைப் போன்ற வெடிக்கும் களிமண் நிலங்களுக்கென டெஸ்மாந்தஸ் பேரினத்து வகைகளை ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் கார்டினர் தேர்ந்தெடுத்து வளர்த்தமை இதற்குச் சான்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் வேலிமசால் 50 சென்டிமீட்டர் இடைவெளி வரிசைகளில் எக்டேருக்கு 20 கிலோ விதை கொண்டு விதைக்கப்படுகிறது. 90ஆம் நாளில் முதல் அறுவடை. பின்னர் 40 நாள்களுக்கு ஒருமுறை தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டலாம். 40 நாள் சுழற்சி நீர்ப்பாசனத்துக்கு உரியது. மானாவாரியில் மழைக்காலத்தை ஒட்டிய அறுவடைகளே உறுதியானவை.

சவுண்டல் ஆழ வேரோடும் மரம். மெக்சிகோவிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் வழியாகப் பிலிப்பைன்ஸ் சென்று ஆசியாவில் பரவியது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் புரூபேக்கர் உருவாக்கிய கே-8 முதலான பேருருவ வகைகளை 1970களில் இந்தியாவில் பரப்பியதில், மணிபாய் தேசாய் 1967இல் உருளிகாஞ்சனில் தொடங்கிய பைஃப் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. வறட்சியையும் காரத்தன்மையையும் சவுண்டல் தாங்கும், நீர்தேக்கத்தைத் தாங்காது. எனவே கரிசலில் அதன் இடம் வயலின் நடுப்பகுதியன்று, வடிகாலுள்ள மேட்டுவரப்பே. 1980களில் ஆசியா முழுவதும் பரவிய சவுண்டல் செடிப்பேன் தாக்குதல், ஒரே இனத்தை நம்பும் தீவனத் திட்டம் எவ்வளவு பலவீனமானது என்பதை உணர்த்தியது.

அகத்தி விரைந்து வளர்ந்து சுவையான இலை தரும். ஆயின் கடும் கவ்வாத்தையும் நீண்ட வறட்சியையும் தாங்காது. கிணற்றடியிலும் குளியலறை நீர் வடியும் வீட்டுப்புறத்திலும் நடுவதற்கு ஏற்றது. கிளைரிசிடியா போத்து நட்டாலே முளைப்பது அதன் சிறப்பு. இலங்கையில் 2005ஆம் ஆண்டு தேயிலை, இரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காம் தோட்டப்பயிராக அது அறிவிக்கப்பட்டது. அதன் இலைமணத்தை மாடுகள் தொடக்கத்தில் விரும்புவதில்லை. சில மணிநேரம் வாடவைத்து, பழகிய தீவனத்தோடு கலந்து சிறிது சிறிதாகக் கொடுத்தால் பழகிக்கொள்ளும்.

சவுண்டல், வேலிமசால் விதைகளின் தோல் கடினமானது. ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் வெந்நீரில் நான்கைந்து நிமிடம் இட்டுப் பின் குளிர்நீரில் ஊறவைத்தால் முளைப்பு சீராகும். உரிய ரைசோபியம் நுண்ணுயிரை ஆறிய அரிசிக்கஞ்சியில் கலந்து விதைக்குப் பூசுவது வேர்முடிச்சு உருவாக உதவும். இச்சிறு செயல்களைத் தவிர்ப்பதால் முளைக்காமல் போன விதையை, செடியே இந்த மண்ணுக்கு ஆகாது என்று முடிவுகட்டும் பிழை நேர்கிறது.

6. கோடைக்குப் பசுமை கிடைக்குமா?

புதர்த்தீவனம் பற்றிய பரப்புரைகளில் மறைந்துபோகும் உண்மை ஒன்று உண்டு. ஆழவேர் கொண்ட மரமும் கடும் வறட்சியில் இலையை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். பாசனமற்ற கரிசலில் சித்திரை, வைகாசியில் மரத்தில் இலை நிற்கும் என்று நம்பித் திட்டமிடுவது பிழை. தீவனம் தேவைப்படும் மாதமும் இலை மிகும் மாதமும் ஒன்றல்ல.

இவ்விடைவெளியை இருவகையில் கடக்கலாம். முதலாவது, வெட்டும் காலத்தை முறைப்படுத்துவது. மழை முடிந்த மார்கழியில் ஒருமுறை வெட்டினால், மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு மரம் துளிர்த்து மாசி, பங்குனிக்குப் புதுக்குழை தரும். இரண்டாவது, சேமிப்பு. மார்கழி, தையில் வெட்டிய கிளைகளை நிழலில் உலர்த்தித் தட்டினால் இலை தனியே உதிரும். நேர்வெயிலில் உலர்த்தினால் உயிர்ச்சத்து குறையும். மழையில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நன்கு உலர்ந்த இலைத்தூளைச் சாக்கில் கட்டி ஈரம் படாத இடத்தில் வைத்தால் கோடையில் தட்டையோடு தெளித்துக் கொடுக்கலாம். படப்பு அடுக்கிய பண்பாட்டுக்கு இலைச் சேமிப்பு அயலானதன்று. தட்டைப் படப்புக்குத் துணையாக ஓர் இலைமூட்டை சேர்கிறது, அவ்வளவே.

எவ்வளவு மரம் வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். ஒரு பசுவுக்கு நாளுக்கு 8 கிலோ வீதம் 150 நாளுக்கு 1,200 கிலோ பசுங்குழை அல்லது அதற்கு ஈடான உலர் இலை வேண்டும். ஓர் ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு ஏறத்தாழ 254 மீட்டர். அரை மீட்டருக்கு ஒன்றாக வரப்பைச் சுற்றி நட்டால் 508 மரங்கள். இரண்டு ஆண்டுக்குமேல் வளர்ந்த மரம் ஒவ்வொன்றும் ஒரு வெட்டுக்கு ஒரு கிலோ வீதம் இரு வெட்டுகளில் குழை தரும் எனக் கொண்டால் மொத்தம் 1,016 கிலோ. ஏறத்தாழ 125 நாள் தீவனம். மழை குறைந்தால் இது பாதியாகலாம். எனவே ஓர் ஏக்கர் வரப்பு ஒரு பசுவின் கோடையைப் பெரும்பாலும் தாங்கும்; மூன்று பசுக்களைத் தாங்காது.

7. நஞ்சும் அதன் நீக்கமும்

சவுண்டல் இலையில் மைமோசின் என்னும் அமினோ அமிலம் உண்டு. குதிரை, பன்றி, முயல், கோழி ஆகியவற்றுக்கு இது நேரடித் தீங்கு. அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் மைமோசின் சிதைந்து வேறொரு பொருளாகிறது. அப்பொருள் தைராய்டு சுரப்பியைப் பாதிக்கக் கூடியது. மயிர் உதிர்தல், எச்சில் வடிதல், கழுத்துச் சுரப்பி வீங்குதல், எடை குறைதல் ஆகியவை அறிகுறிகள்.

இச்சிக்கலுக்குக் கிடைத்த தீர்வு கால்நடை அறிவியல் வரலாற்றின் சுவையான பகுதி. ஆஸ்திரேலியாவில் சவுண்டல் உண்ட மாடுகள் நோயுற்றன. ஹவாயில் அதையே உண்ட ஆடுகள் நலமாயிருந்தன. நச்சுப்பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர் ஹவாய் ஆடுகளின் வயிற்றில் இருக்க வேண்டும் என ரேமண்ட் ஜோன்ஸ் கருதினார். 1980களில் அந்த ஆடுகளின் அசைவயிற்று நீர்மத்தை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குச் செலுத்தியபோது அவை நஞ்சைத் தாங்கும் திறன் பெற்றன. 1992இல் அந்த நுண்ணுயிர் அவர் பெயராலேயே சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை எனப் பெயரிடப்பட்டது.

சிற்றூர் உழவருக்கு இதனால் பெறப்படும் நடைமுறை எளியது. சவுண்டல் மொத்த உலர்தீவனத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது. மேலே காட்டிய கணக்கில் அது 22 விழுக்காடே. இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகப் பழக்க வேண்டும். சவுண்டலை அகத்தியோடும் வேலிமசாலோடும் கலந்து கொடுப்பது மேலும் பாதுகாப்பானது. வேலிமசாலில் மைமோசின் இல்லை. பாலில் வாடை ஏறாதிருக்கக் குழையைக் கறவைக்குப் பின் இடுவது நல்லது.

8. வேலி தாண்டிய வேலிக்காத்தான்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்த சீமைக் கருவேலமும் பயறுவகைத் தாவரமே. அதுவும் வறட்சி தாங்கும், விறகு தரும், இனிப்பான நெற்று தரும். அதன் இலையை மாடு உண்பதில்லை. நெற்றையோ விரும்பி உண்கிறது. உண்ட விதை சிதையாமல் சாணத்துடன் வெளிவந்து எங்கும் முளைத்தது. இலை உண்ணப்படாததால் செடியைக் கட்டுப்படுத்த வழியில்லை; நெற்று உண்ணப்பட்டதால் பரவலுக்குத் தடையில்லை. கண்மாய்களும் ஓடைகளும் தரிசான புஞ்சைகளும் அதன் வசமாயின. அதேவேளை கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு அதுவே வாழ்வாதாரமாகவும் ஆயிற்று. அதை அகற்றுவது பற்றிய வழக்கு மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை சென்றது. 2022இல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்கள் குறித்த கொள்கையை வெளியிட்டது.

சவுண்டலும் உலகின் மிகத் தீங்கான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இது நடுபவர் மறைக்கக் கூடாத செய்தி. எனினும் இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. சவுண்டலின் இலை உண்ணப்படுகிறது. காய் பிடிக்குமுன் தவறாமல் வெட்டப்படும் மரத்துக்கு விதை இல்லை. விதையின்றிப் பரவலும் இல்லை. ஆக, அறுவடையே அதன் கட்டுப்பாடு. அறுவடை நின்றால் தீவனச் செடி களையாகிறது. மாட்டை விற்றுவிட்ட குடும்பத்தின் வரப்பிலும் நகருக்குக் குடிபெயர்ந்தவரின் நிலத்திலும் நிற்கும் சவுண்டலே ஆபத்தானது. எனவே கண்மாய்க் கரை, ஓடைக்கரை, பொதுத் தரிசு ஆகியவற்றில் சவுண்டலை நடுவது தவிர்க்கத்தக்கது. அவ்விடங்களுக்கு நாட்டு மரங்களான வெள்வேலும் உடையும் பொருந்தும்.

9. செடியைத் தாண்டிய தடைகள்

மரம் வளர்வதற்கு மண்ணும் மழையும் மட்டும் போதா. அறுவடைக்குப் பின் காடு திறந்துகிடக்கும் வழக்கத்தை முன்னர்க் கண்டோம். கிடைபோடும் கீதாரியின் ஆடுகள் நிலத்துக்கு எரு தருபவை. அவையே இளஞ்சவுண்டலின் முதல் எதிரியும் ஆகும். இரண்டு கோடை தாண்டும்வரை முள்ளடைத்துக் காப்பதும், கிடை அமர்த்தும்போது கீதாரியோடு பேசி முடிவுசெய்வதும் தேவை. ஒருவர் தனியாக நடுவதைவிட அடுத்தடுத்த பொழிக்காரர் சேர்ந்து நடுவதால் காவல் எளிதாகும்.

அடுத்தது உரிமை. மரம் பயன்தர இரண்டு ஆண்டு ஆகும். ஓராண்டுக் குத்தகையில் உழுபவர் மரம் நட முன்வரமாட்டார். நிலமே இல்லாமல் ஒரு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு வரப்பே கிடையாது. இவர்களுக்குப் பொருந்துவது வீட்டுப்புற அகத்தியும் நான்கைந்து வரிசை வேலிமசாலுமே. ‘வரப்பில் நடுக’ என்னும் பொதுப் பரிந்துரை நிலமுடையோரை மட்டும் நோக்கிப் பேசுகிறது என்பதை ஆய்வாளர் கருத வேண்டும்.

மூன்றாவது உழைப்பு. குழை வெட்டுதல், சுமத்தல், உலர்த்துதல், நறுக்குதல் ஆகிய வேலைகள் நடைமுறையில் பெண்களிடமே சேர்கின்றன. தொலைவிலுள்ள காட்டு வரப்பிலிருந்து நாள்தோறும் 8 கிலோ குழை சுமப்பது புண்ணாக்குச் செலவைக் குறைக்கலாம். அச்சேமிப்பு யாருடைய உடலுழைப்பால் வந்தது என்பது கணக்கில் ஏறுவதில்லை. வீட்டுக்கு அருகில் நடுவது, ஒரே முறையில் வெட்டி உலர்த்திச் சேமிப்பது ஆகியவை இச்சுமையைக் குறைக்கும். மேலும், வரப்பு மரத்தின் வேரும் நிழலும் அண்டைப் பயிரின் ஓரவரிசைகளைப் பாதிக்கும். பக்கத்துக் காட்டுக்காரரோடு பூசல் வராதிருக்க மரத்தை ஒரு மீட்டர் உயரத்துக்குள் வெட்டிக் குறுக்கி வைப்பதே வழி.

முடிவுரை

பயறுவகைப் புதர்த்தீவனம் கரிசல் நிலத்துக்கு அயலான புதுமையன்று. குழை ஒடித்த மேய்ப்பரும் கொடிக்காலில் அகத்தி நட்டவரும் அறிந்த முறையின் தொடர்ச்சி அது. தட்டையின் புரதக்குறையை ஈடுசெய்து, கோடையில் மாட்டை விற்காமல் காப்பாற்றும் அளவுக்கு அதற்கு ஆற்றல் உண்டு. கோடையிலும் பசுமை கிடைக்கும் என்று நம்பாமல் மார்கழியிலேயே சேமிப்பது, ஒரே இனத்தை நம்பாமல் கலந்து நடுவது, காய்க்கும் முன் வெட்டுவது ஆகிய மூன்றும் அதன் வெற்றிக்கு நிபந்தனைகள்.

ஆய்வு செல்லவேண்டிய திசைகளும் இதனால் தெளிவாகின்றன. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையமும் மானாவாரிப் பயிர்களில் ஈட்டியுள்ள அறிவு, வரப்பு மரத்தின் குழை விளைச்சலை மழையளவோடு ஒப்பிட்டு அளக்கும் பணிக்கு அடித்தளமாகும். மொழித்துறை ஆய்வாளர்க்கும் இதில் பணி உண்டு. கி. ராஜநாராயணன் தொடங்கிவைத்த கரிசல் வட்டாரச் சொல் தொகுப்பின் வழியில், குழை, நெற்று, பொட்டு, படப்பு, பொழி முதலான தீவனச் சொற்களையும் அவற்றோடு இணைந்த செயல்முறைகளையும் ஊர்தோறும் தொகுக்க வேண்டும். எந்தக் குழையை எந்த மாதத்தில் எந்த விலங்குக்கு இடலாம் என்ற அறிவு அச்சொற்களில்தான் தங்கியுள்ளது. படப்பு அடுக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை இன்னும் ஊர்களில் வாழ்கிறது. மாடுகளோடு அவ்வறிவும் சந்தைக்குப் போய்விடுமுன் அதைப் பதிவுசெய்வது இன்றைய தேவையாகும்.